தகுதி இருந்தும் தள்ளப்படுவது ஏன்?

'ரெஸ்யூம்' எனப்படும் தன்விவரக் குறிப்பைப் பெரிய நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் பதிவேற்றுபவர், அதை அதிகாரி ஒருவர் படித்துப் பார்ப்பார் என்று நம்புகிறார். பெரும்பாலும் அது முதலில் சென்று சேர்வது, விண்ணப்பங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் மென்பொருளிடம். ஒரு பணியிடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் காலத்தில் இது தவிர்க்க இயலாதது. ஆனால், அது யாரை எதற்காக ஒதுக்கியது என்பதை அறிய விண்ணப்பதாரருக்கு வழியில்லை என்பதே கவலைக்குரியது.

இம்மென்பொருள், குறிப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், கல்வி, அனுபவம், திறன் எனத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறது. பின்னர், நிறுவனத்தின் பணி விளக்கத்திலுள்ள சொற்களுடன் அவற்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. அனுபவ ஆண்டுகள் போன்ற கட்டாய நிபந்தனைகளுக்குப் பொருந்தாதவற்றை ஒதுக்கிவிடுகிறது. நூற்றுக்கு 75 விண்ணப்பங்களை மென்பொருளே நிராகரிக்கிறது என்று இணையத்தில் உலவும் கணக்குக்கு நம்பத்தக்க ஆய்வு ஆதாரம் கிடையாது. அந்த அச்சத்தைக் காட்டிப் பணம் பறிப்போரிடம் இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

விண்ணப்பதாரர் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவையே. அட்டவணைகள், படங்கள், இரண்டாகப் பிரித்த பக்க அமைப்பு ஆகியவை எழுத்துகளைப் பிரித்தெடுக்கும்போது குழப்பம் விளைவிக்கக்கூடும். எனவே, மேலிருந்து கீழாகச் செல்லும் எளிய அமைப்பே நல்லது. தமக்கு உண்மையில் உள்ள திறனைப் பணி விளக்கம் எச்சொல்லால் குறிக்கிறதோ, அதே சொல்லால் எழுத வேண்டும். சுருக்கப் பெயரையும் அதன் விரிவையும் ஒருமுறை சேர்த்தே தர வேண்டும். முதலெழுத்துடன் வழங்கும் நம் பெயர்கள், குடும்பப் பெயரைக் கேட்கும் படிவங்களில் சிதைவதுண்டு. சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடங்களிலும் ஒரே சீராக எழுதுவது பாதுகாப்பானது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்துகளில் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரம் பயன்தராது. மென்பொருள் பிரித்தெடுத்ததும் அவை வெளிப்பட்டு, விண்ணப்பதாரரின் நாணயத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கும்.

எனினும், குறிப்பை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் வடிகட்டியின் கோளாறை விண்ணப்பதாரரால் திருத்த இயலாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், தகுதியுள்ள உயர்திறனாளர்களும் நிபந்தனைகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தாததால் ஒதுக்கப்படுவதாக 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. பணியில் ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தை ஒதுக்கும் நிறுவனங்கள் ஏறத்தாழப் பாதி.

குழந்தை வளர்ப்புக்காகவோ, முதியோரைப் பேணவோ வேலையைத் துறந்து, மீண்டும் வர விரும்பும் பெண்களையே இந்த இடைவெளி விதி பெரிதும் தாக்கும். அதில் பெண் என்ற சொல்கூட இருக்காது. விளைவோ பெண்களுக்கு எதிரானது. அமேசான் 2014 முதல் உருவாக்கிவந்த சோதனைக் கருவியிலும் இத்தகைய சார்பு வெளிப்பட்டது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கப்பட்ட அக்கருவி, பெண்களைக் குறிக்கும் சொல் இடம்பெற்ற குறிப்புகளின் மதிப்பைக் குறைத்தது. அம்முயற்சி கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளியானது.

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தகைய கருவிகளைப் பாரபட்சத் தணிக்கைக்கு உட்படுத்துவதையும், 10 வேலை நாள்களுக்கு முன்னரே விண்ணப்பதாரருக்குத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள்தேர்வுக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என வகைப்படுத்துகிறது. இந்தியாவில் இவற்றுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தானியங்கி முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமையைத் தரவில்லை.

ஆள்தேர்வில் பாலினப் பாகுபாடு கூடாது என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. அதிகாரி ஒருவர் செய்தால் குற்றமாகும் பாகுபாடு, மென்பொருள் வழியே நிகழும்போது கேட்பாரற்றுப் போகலாகாது. மென்பொருள் பயன்படுத்தப்படுவதை முன்கூட்டியே அறிவித்தல், ஆண்டுதோறும் வெளித் தணிக்கை, நிராகரிப்புக்கான காரணத்தைத் தெரிவித்தல், கோரினால் மனிதர் ஒருவரின் மறுபரிசீலனை ஆகிய நான்கையும் மத்திய அரசு சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். இளைஞர்களுக்குக் குறிப்பு எழுதக் கற்றுத்தரும் அளவுக்கு, அதை மதிப்பிடும் முறையை நேர்மையாக்குவதும் அவசியம்.