சித்தியடையாதவர்களுக்கு மட்டுமா தொழிற்கல்வி? கரம்பொன்னிலிருந்து ஒரு கேள்வி

கடந்த மாதம் கரம்பொன்னுக்குப் போயிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் சுகமில்லாமல் இருக்கிறார். அவரைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகப் பஸ்ஸில் போனேன். வழியெங்கும் பூட்டிய வீடுகள். போரும் புலம்பெயர்வும் தீவகத்தை எப்படிக் காலி செய்தன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாலையில் ஊர்காவற்றுறை இறங்குதுறைப் பக்கம் நடந்தோம். காரைநகருக்குப் போகும் பாதை புறப்பட்டுக்கொண்டிருந்தது. கரையில் ஒரு பையன் படகு இயந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். பதினேழு வயது இருக்கும். பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்கள் அவன் சொல்வதைக் கேட்டு எண்ணெயும் துணியும் எடுத்துக் கொடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் இயந்திரம் உயிர்த்தது.

"தம்பி, எங்க படிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"படிப்பு முடிஞ்சுது சேர். சாதாரண தரத்திலை கணக்கைக் கோட்டை விட்டுட்டன்."

அவ்வளவுதான். பத்துப் பதினொரு வருடப் பாடசாலை வாழ்க்கையை ஒரு வரியில் முடித்துவிட்டான். நம் கல்வி முறையின் கணக்கில் அவன் சித்தியடையாத மாணவன். அந்தக் கரையில் நின்றவர்களின் கணக்கில் அவன்தான் வாத்தியார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவன் அந்தப் பையன். ஆனால் இது அவனுடைய கதை மட்டுமல்ல. புத்தளத்திலும் கல்பிட்டியிலும், சம்மாந்துறையிலும், யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் நம் பிள்ளைகளின் கதையும் இதுதான்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். உயர்தரம் கற்கத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். கடைசியில் அரச பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோர் வருடத்துக்கு நாற்பதாயிரம் சொச்சம் பேர். மீதிப் பேர் எங்கே போகிறார்கள் என்று பாடசாலை கேட்பதில்லை. பெறுபேறு வந்த அன்று பதாகையில் போடுவதற்குப் படம் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

இதற்கு அரசாங்கங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் இலங்கையில் இந்த முயற்சிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயது. 1930களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமிய வாழ்க்கையோடு இணைந்த பாடசாலைத் திட்டத்தைத் தொடங்கினார். 1943 இல் வெளிவந்த அவரது விசேட கல்விக் குழுவின் அறிக்கை, இலவசக் கல்வியோடு சேர்த்துச் செய்முறைப் பாடசாலைகளையும் பரிந்துரைத்தது. இலவசக் கல்வி நிலைத்தது. செய்முறைப் பாடசாலை நிலைக்கவில்லை.

அடுத்த பெரிய முயற்சி 1972 இல் நடந்தது. அதைச் செய்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். 6 முதல் 9 வரையான வகுப்புகளில் ஒவ்வொரு மாணவரும் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கற்க வேண்டும் என்றார். பாடசாலை இருக்கும் ஊரிலேயே உள்ள தொழில்களைப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடற்கரை ஊரில் மீன்பிடி, வயல் ஊரில் விவசாயம் என்று. ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் அது முட்டாள்தனமான யோசனை அல்ல. ஆனால் 1977 இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது.

ஏன் தோற்றது? ஆட்சி மாற்றம் ஒரு காரணம்தான். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கவில்லை. கருவிகள் இருக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் பெற்றோரின் சந்தேகம். "மீனவன் பிள்ளையை மீனவனாகவே வைத்திருக்கப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சுக்கு யாரிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. வடக்கில் இன்னொரு காரணமும் இருந்தது. அதே அமைச்சின் காலத்தில்தான், 1971 முதல், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. படித்து முன்னேறலாம் என்றிருந்த தமிழ் மாணவர்களுக்குக் கதவு பாதியாகச் சாத்தப்பட்ட வேளையில், "கைத்தொழில் படியுங்கள்" என்று அதே கை பாடத்திட்டம் நீட்டினால் யார்தான் நம்புவார்கள்? நம் சமூகம் பதியுதீன் மஹ்மூதைப் பெருமையோடு நினைக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ்ச் சமூகம் வேறு விதமாக நினைக்கிறது. இரண்டு நினைவுக்கும் காரணம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே சந்தேகம் ஒரு அரசாங்கத்தையே ஆட்டியது. 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் அரை நாள் பாடசாலையிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும். மக்கள் அதைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954 இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவேலை கற்பது வேறு, அப்பனின் வேலையை மகனின் தலையில் கட்டுவது வேறு என்பதுதான் அன்றைய பாடம். யாழ்ப்பாணம் போன்ற சாதி ஊறிய மண்ணில் அந்தப் பாடத்தை இன்றும் மறக்கக் கூடாது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை அறிமுகமானது. பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்று இரு பிரிவுகள். நல்ல முயற்சி. ஆனால் அதற்குள் நுழையவும் சாதாரண தரத்தில் சித்தி வேண்டும். 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 42 பாடசாலைகளில் ஆரம்பமானது. சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் பிள்ளை 12 ஆம், 13 ஆம் தரங்களில் தொழிற்பாடம் கற்கலாம், முடிவில் தேசிய தொழிற்தகைமையின் 4 ஆம் மட்டச் சான்றிதழ் பெறலாம். பின்னர் மேலும் பல பாடசாலைகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. 2024 நவம்பரில் அமைந்த அரசாங்கம் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் பிரதமர் கலாநிதி ஹரினி அமரசூரியவின் கீழ் ஒரே அமைச்சாக்கியது. கல்விச் சீர்திருத்தப் பேச்சில் தொழிற்கல்வி இப்போது முன்வரிசையில் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் ஏணி முழுமையாக இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் தேர்ந்த தொழிலாளர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம். இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே பல்கலைக்கழகம் உண்டு. வடக்கில் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உண்டு. பிறகு ஏன் அந்தக் கரம்பொன் பையன் இறங்குதுறையில் குந்தியிருக்கிறான்?

என் அனுபவத்தில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, நாம் தொழிற்கல்வியைத் தோற்றவர்களுக்கான கொட்டிலாக வைத்திருக்கிறோம். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் தொழிற்பிரிவு மாணவர்களைக் காலைக் கூட்டத்தில் தனி வரிசையில் நிறுத்துவார்கள். பரிசளிப்பு விழாவில் அவர்களுக்குப் பரிசு கிடையாது. அந்த வரிசையில் நிற்க எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்? சிங்கப்பூரின் தொழிற்கல்வி நிறுவனத்துக்கும் ஒரு காலத்தில் இதே பெயர்தான். அதன் பெயரின் மூன்று எழுத்துகளை வைத்து "கதை முடிந்தது" என்று கேலி செய்தார்கள். அவர்கள் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நல்ல கட்டடம், நவீன இயந்திரம், தொழிற்துறையோடு தொடர்பு, மேற்படிப்புக்கு வழி என்று பணத்தை அங்கே கொட்டினார்கள். மரியாதை பின்னால் வந்தது.

இரண்டாவது, தூரம். நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ இருக்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாண நகரப் பயிற்சி நிலையம் என்பது ஒரு படகும் ஒரு பஸ்ஸும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலைகளில் மாணவர் தொகை குறைவு. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பட்டறை கட்டுவது நடக்காத காரியம்.

மூன்றாவது, சொல்லிக் கொடுப்பது யார்? டிப்ளோமா போன்ற கல்வித் தகைமை இல்லாதவர் ஆசிரியராக வகுப்பறைக்குள் வருவது கடினம். இருபது வருடம் கண்ணாடியிழைப் படகு கட்டியவருக்கு டிப்ளோமா கிடையாது. டிப்ளோமா உள்ளவர் படகு கட்டியது கிடையாது. ஊர்காவற்றுறைக்கு எதிர்க்கரையான காரைநகரில்தான் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு சீநோர் படகுத் தளம் தொடங்கியது. அங்கு தொழில் பழகியவர்கள் இன்று முதியவர்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விடும்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. தீவகத்துக்கு வேலை வராமலில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் கலப்பு மின்சக்தித் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய சக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், சேமிப்புக்கு 2,400 கிலோவாட் மணித்தியால மின்கலம், அவசரத்துக்கு டீசல். இந்தக் கருவிகளைக் கழுவித் துடைத்து, பழுது பார்த்து, இருபது வருடம் ஓட வைக்கப்போவது யார்? அந்தந்தத் தீவின் பிள்ளைகளை இன்றே 9 ஆம் தரத்திலிருந்து தயார்படுத்தாவிட்டால், காவலாளி வேலை மட்டும்தான் அவர்களுக்கு மிஞ்சும்.

இது நமக்கு ஏன் முக்கியம் என்று சில வாசகர்கள் கேட்கலாம். என் வாப்பா சோனகத் தெருவில் தையற்காரர். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது தையல் மெஷின், துணி, வாடிக்கையாளர் கணக்குக் கொப்பி எல்லாம் கடையிலேயே கிடந்தன. புத்தளம் முகாமில் இரவல் மெஷினில் உட்கார்ந்து எங்களை வளர்த்தார். கையில் இருந்த தொழிலை எவராலும் பறிக்க முடியவில்லை. ஆனால் அதே குடும்பத்தில் என் நாநா ஒருவர் வெல்டிங்கில் கெட்டிக்காரர். வளைகுடாவுக்குப் போனபோது காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சாதாரணத் தொழிலாளியாகவே பதிந்தார்கள். வேலை செய்தது வெல்டராக, சம்பளம் வாங்கியது கூலியாளாக. எட்டு வருடம்.

முன் கற்றலை அங்கீகரித்தல் என்ற முறை இன்று நடைமுறையில் இருக்கிறது. பாடநெறி எதுவும் படிக்காமலேயே, அனுபவத்தைச் செய்து காட்டி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் இந்த மதிப்பீட்டைச் செய்கின்றன. நம் மேசன்மார், தையற்காரர், மின்னியலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிட அறிவித்தலில் சொல்லக்கூடிய விடயம் இது. இரும்பை வளைத்த தாவூத் (அலை) அவர்களையும் தச்சராக இருந்த ஸகரிய்யா (அலை) அவர்களையும் மிம்பரில் நினைவுகூரும் நாம், சம்பந்தம் பேசும்போது மட்டும் மாப்பிள்ளை மெக்கானிக் என்றால் முகம் சுளிக்கிறோம்.

என்ன செய்யலாம்? என் யோசனைகள் சில.

1. 6 முதல் 9 வரை எல்லா மாணவருக்கும் கைத்தொழிற் பாடம் இருக்க வேண்டும். யாழ் இந்துவிலும் கொழும்பு ஸாஹிராவிலும் படிக்கும் பிள்ளையும் ஆணி அடிக்க வேண்டும், சுற்றுப் பிணைக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு விலக்கு அளித்தால் 1972 தான் திரும்ப வரும்.

2. தொழிலை ஊருக்கேற்ப வையுங்கள், ஆனால் பிள்ளையை ஊரிலோ தகப்பனின் தொழிலிலோ கட்டாதீர்கள். கரம்பொன் பிள்ளைக்குப் படகு இயந்திரமும் இருக்கட்டும், கணினி வலையமைப்பும் இருக்கட்டும். தெரிவு அவனுடையது, அவளுடையது.

3. தீவகத்துக்கு ஊர்காவற்றுறையில் ஒரு மையப் பட்டறை, தூரத் தீவுப் பிள்ளைகளுக்கு விடுதி வசதியோடு. சுற்றியுள்ள பாடசாலைகள் வாரத்தில் குறித்த நாட்களில் அதைப் பகிரட்டும். மதிப்பீட்டாளர் தீவுக்கு வரட்டும். பரீட்சை தமிழில் நடக்கட்டும்.

4. டிப்ளோமா இல்லாத கைதேர்ந்தவர்களைச் சரியான கொடுப்பனவோடு வருகைப் போதனாசிரியர்களாக எடுங்கள்.

5. பெண் பிள்ளைகள் என்றதும் தையலும் கேக்கும் என்று நிறுத்தாதீர்கள். மின்னியல், ஆய்வுகூடத் தொழினுட்பம், கணினி வரைபடம் எல்லாம் அவர்களாலும் முடியும். போக்குவரத்தையும் பாதுகாப்பையும் உறுதி செய்தால் பெற்றோர் அனுப்புவார்கள்.

6. நம் வர்த்தகர்கள் ஆளுக்கு இரண்டு பயிலுனர் இடங்களைக் கொடுக்கலாம். ஜேர்மனியின் தொழிற்கல்வி நிற்பது அரசின் பணத்தில் மட்டுமல்ல. வாரத்தில் சில நாள் பாடசாலை, சில நாள் நிறுவனம் என்று பிள்ளையைப் பொறுப்பேற்கும் முதலாளிமாரில் நிற்கிறது.

கரம்பொன் சாதாரண ஊர் அல்ல. தமிழாராய்ச்சியை உலகத்துக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்த ஊர். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தது கல்வியியல். புத்தகப் படிப்பால் உயர்ந்த ஊருக்குப் புத்தகப் படிப்பின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிப்பின் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புறப்படும்போது முன் கற்றல் அங்கீகாரத்தைப் பற்றி அந்தப் பையனுக்குச் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு வந்து கேட்டான்:

"இதுக்கும் பேப்பர் குடுப்பினமோ சேர்? கணக்குப் பாஸ் பண்ணாமலோ?"

கொடுப்பார்கள் என்றேன். என் தொலைபேசி இலக்கத்தை எழுதி எடுத்தான். மதிப்பீட்டுக்கு எங்கே, எப்போது வர வேண்டும் என்று விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.