ஆலோசகர் வெறும் பெயர்ப்பலகையா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுடையது ஃபிரடர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. பலவற்றுக்குத் தனி வீடே இருக்கும். முப்பது நாற்பது பேர் ஒன்றாகத் தங்கி, சமையலுக்கு ஏற்பாடு செய்து, வரவு செலவு பார்த்து, தேர்தல் நடத்திக் குடித்தனம் செய்வார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் இந்தச் சங்கங்களைச் சேராத சுயேச்சை மாணவர் இல்லங்களும் உள்ளன. இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் பல்கலைக்கழகம் ஆலோசகரை வைப்பது வீண் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மேய்ப்பன் எதற்கு என்பது முதல் வாதம். ஆனால் அமெரிக்காவில் மது அருந்த 21 வயது ஆக வேண்டும். இல்லத்தில் இருப்பவர்களில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள். வயதைவிடப் பெரிய சிக்கல், பொறுப்பு ஆண்டுக்கு ஆண்டு கைமாறுவது. இருபது வயதுப் பொருளாளர் ஒருவர் வாடகை, மளிகை, காப்பீடு என்று நாற்பது பேரின் பணத்தைக் கையாளக் கற்றுத் தேறும்போது அவருடைய பதவிக்காலம் முடிந்துவிடுகிறது. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார். போன வருடம் எந்த விருந்து கைமீறியது, தீயணைப்புச் சோதனையில் எந்தக் கதவு குறை என்று எழுதினார்கள், யார் மன உளைச்சலில் படிப்பை விட்டுப் போனார் என்பதையெல்லாம் தொடர்ந்து நினைவில் வைத்திருக்க அங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் ஆலோசகர்.

தலையிட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம், ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு என்பது நிர்வாகங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் வாதம். இதற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1979இல் பிராட்ஷா வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்களின் குடிப்பழக்கத்துக்குக் கல்லூரி பொறுப்பேற்க முடியாது என்றது. 1991இல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் ஃப்யூரெக் வழக்கில் வேறு முடிவுக்கு வந்தது. 1980இல் டெலவேர் பல்கலைக்கழகத்து ஃபிரடர்னிட்டி ஒன்றில், சேர வந்த மாணவர்மீது அடுப்பு துடைக்கும் ரசாயனத்தை ஊற்ற, அவர் வெந்துபோனார். சங்கத்தில் சேர்ப்பதற்கு முன் இப்படித் துன்புறுத்திச் சோதிப்பதற்கு ஹேஸிங் என்று பெயர். நம் ஊர் ராகிங்குக்கு இது உறவுதான், ஆனால் ராகிங்கில் மாணவர் தப்பி ஓடப் பார்ப்பார், ஹேஸிங்கில் சேரும் ஆசையால் அவரே நின்று கொடுப்பார். ஹேஸிங் நடப்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியும், அதற்கு எதிராக எச்சரிக்கையும் விட்டிருந்தது. தெரிந்திருந்தும் போதிய அளவு செயல்படவில்லை என்பதால்தான் பொறுப்பு அதன்மேல் விழுந்தது. அறிக்கை ஒட்டிவிட்டு விலகி நிற்பது நிர்வாகத்துக்குக் கேடயம் ஆகாது. 1997இல் ஒரு ஃபிரடர்னிட்டி இல்லத்தில் அளவு மீறிக் குடித்து இறந்த முதலாண்டு மாணவர் ஸ்காட் க்ரூகரின் குடும்பத்தோடு 2000இல் செய்த சமரசத்தில் எம்.ஐ.டி. 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஆலோசகர் இருந்தும் உயிர் போயிருக்கிறதே என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் நடந்ததை அவர்கள் காட்டுகிறார்கள். பீட்டா தீட்டா பை என்ற ஃபிரடர்னிட்டி இல்லத்தில் மது கூடாது என்று விதி இருந்தது, கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன, ஆலோசகர் ஒருவர் அங்கேயே தங்கியிருந்தார். ஆனாலும் சேர வந்த டிமோதி பியாஸா என்ற 19 வயது மாணவருக்கு அடுத்தடுத்து மது ஊட்டப்பட்டது. இரவு பதினொன்றரைக்குச் சற்று முன் அவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். மண்ணீரல் கிழிந்து, மூளையில் அடிபட்டுக் கிடந்தவரைச் சோபாவில் கிடத்திய மாணவர்கள், மல்லாந்து வாந்தியில் மூச்சடைத்துவிடக் கூடாதென்று புத்தகம் நிறைத்த முதுகுப்பையை அவர்மேல் மாட்டினார்கள். உதவிக்குத் தொலைபேசி அழைப்பு போனபோது மறுநாள் காலை 10:48.

அந்த முதுகுப்பையைக் கவனிக்க வேண்டும். குடித்தவர் புரண்டு மூச்சடைத்துச் சாகலாம் என்ற பாதி அறிவு அந்த இல்லத்தில் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. உடனே அவசர உதவி எண் 911ஐ அழை என்ற மீதி அறிவு வந்து சேரவில்லை. மதுவால் ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்பவரைத் தண்டனையிலிருந்து காக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் அப்போதே இருந்தது. அதை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பொறுப்பாளர்களை உட்கார வைத்துப் புரிய வைப்பதும், புதியவர்களை எப்படிச் சேர்க்கப்போகிறீர்கள் என்று நாள்வாரியாகக் கேட்பதும், கணக்கில் மதுச் செலவு வேறு பெயரில் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஆலோசகரின் வேலை. ஒரே கூரையின் கீழ் படுத்திருப்பது மட்டும் அந்த வேலை ஆகிவிடாது. 53 கல்வி நிலையங்களில் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், ஹேஸிங் அனுபவங்களில் கால்வாசி பயிற்சியாளருக்கோ ஆலோசகருக்கோ தெரிந்தே நடந்தன என்று மாணவர்கள் சொன்னார்கள். வெட்கக்கேடான கணக்கு இது. தகுதியற்றவரை நியமித்தார்கள், நியமித்தவருக்குப் பயிற்சி தரவில்லை என்பதற்கு இது சான்று. பதவியே வேண்டாம் என்பதற்குச் சான்று அல்ல.

ஆலோசகர் இருந்தும் பயனில்லை என்ற வாதத்துக்குச் சொராரிட்டிகளின் பழக்கம் நல்ல எதிர் எடுத்துக்காட்டு. தேசிய அளவிலான பழைய சொராரிட்டிகள் வீட்டுக்குள் மதுவை அனுமதிப்பதில்லை. பல இல்லங்களில் முழுநேர மேற்பார்வையாளர் ஒருவர் தங்குகிறார். தலைவி, பொருளாளர் என ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் துணை நிற்பதும் உண்டு. ஹேஸிங் மரணங்கள் பெரும்பாலும் ஆண்களின் இல்லங்களில் நிகழ்வதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதற்குப் பங்கே இல்லை என்பதும் நேர்மையான பேச்சு ஆகாது.

கடைசியாக, சங்கங்களையே தடை செய்துவிட்டால் போகிறது என்ற வாதம். வில்லியம்ஸ் கல்லூரி 1962இல் அந்த முடிவை எடுத்துப் படிப்படியாக நிறைவேற்றியது. அங்கே மாணவர்களின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1984இல் தடை விதித்தது. ஆனால் சங்கங்கள் வளாகத்துக்கு வெளியே உயிரோடுதான் இருந்தன. 2014இல் கல்லூரி மறுபடியும் தடை போட வேண்டி வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், தான் அங்கீகரிக்காத சங்கத்துக்குக் கல்லூரி எந்த முகத்தோடு ஆலோசகரை அனுப்பியிருக்க முடியும்?

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஹேஸிங் விதிகளை மீறியதாக உறுதிப்பட்ட மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்வி நிலையங்கள் வெளியிட வேண்டும். அமெரிக்காவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோரும் அதைப் படிக்கலாம். நடந்து முடிந்தது மட்டுமே அதில் இருக்கும். இல்லத்துக்கு ஆலோசகர் யார், கடைசியாக அவர் எப்போது அங்கே வந்தார் என்பதைப் பிள்ளை சேரும் முன் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.