சுடுகாட்டு மல்லியும் சேரிக் குழந்தையும்

தோழர்களே, நம் ஊர்களில் நித்தியகல்யாணியைச் 'சுடுகாட்டு மல்லி' என்று சொல்லி ஒதுக்குவார்கள். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின்தான் உலகெங்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்று. வசதியான நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

அப்படியிருக்க, சேரிக் குழந்தை ஏன் சாக வேண்டும்? 'தலைவிதி' என்பார்கள். 'படிக்காத சனம், பாதியில் ஓடிவிடும்' என்பார்கள். யாரும் ஓடுவதில்லை, துரத்தப்படுகிறார்கள்.

இந்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நடக்கும். பிள்ளை தேறியபின்னும் தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும். முதல்வர் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவைக் கட்டும். செங்கத்திலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் சென்னைக்குப் போய்க் காத்துக்கிடக்கும் தாயின் கூலியை யார் கட்டுவது? வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்து விடும் அரசுக்கு இது முடியாத காரியமா?

நாம் கேட்பது இரண்டு. சென்னையில் தொடங்கிய சிகிச்சையின் தொடர் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை, இழந்த கூலிக்கு ஈடாக மாதாமாதம் உதவித்தொகை வேண்டும்.

கருணை கேட்கவில்லை, அரசியல் சட்டம் 21ஆவது பிரிவில் தந்த உயிர்வாழும் உரிமையைக் கேட்கிறோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வாருங்கள்.