தலைக்கவசமும் தண்டனைச் சட்டமும்

1990-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சைக்கிளில் ஏறும் ஒவ்வொருவரும், குழந்தையாயினும் வயோதிகராயினும், பெருஞ்சாலையில் சென்றாலும் பூங்காவின் ஓரத்தில் சென்றாலும், தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும் என்றும், அணியாதவர் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தபோது, உலகில் அதற்கு முன்னுதாரணம் இருக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் ஏனைய மாநிலங்களும், 1994-இல் நியூசிலாந்தும் அவ்வழியே சென்றன. அன்று எழுந்த விவாதம் இன்றளவும் ஓயாமல் இருப்பதற்குக் காரணம், வெவ்வேறான இரண்டு வினாக்களை ஒன்றாகப் பாவித்து இரு தரப்பாரும் வாதிடுவதே என்பது என் அபிப்பிராயம். விழுந்தவரின் தலையைக் கவசம் காக்குமா என்பது ஒரு வினா. கவசம் அணியாதவரைத் தண்டிப்பதால் சாலையில் உயிர்ச்சேதம் குறையுமா என்பது முற்றிலும் வேறொரு வினா.

முதல் வினாவுக்கு விடை காண்பது அரிதன்று. 1989-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், விபத்துக்குப் பின் ஆஸ்பத்திரிக்கு வந்த சைக்கிள்காரர்களை ஆராய்ந்து, தலைக்காயம் நேரும் அபாயத்தைக் கவசம் 85 சதவீதம் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். கவசம் அணிபவர் இயல்பாகவே நிதானமும் வசதியும் படைத்தவராக இருக்கக்கூடும், ஆகையால் அந்த வித்தியாசம் முழுவதையும் கவசத்தின் கணக்கில் வரவு வைப்பது தகாது என்று மறுத்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆயினும், பிற்காலத்தில் நாற்பது ஆய்வுகளைத் திரட்டி ஆஸ்திரேலிய அறிஞர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கும், கடுமையான தலைக்காயத்தின் அபாயம் மூன்றில் இரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே குறைவதாகக் காட்டிற்று. சதவீதத்தைப் பற்றித் தர்க்கம் செய்யலாம். பலன் உண்டென்பதை மறுக்க இடமில்லை. பந்தயச் சாலைகளில் இந்த உண்மை மிகுந்த துயரத்தோடு உணரப்பட்டது: 1995-இல் இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்ட்டெல்லி பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் மலையிறக்கத்தில் வீழ்ந்து மாண்டதும், 2003-இல் கசக்ஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் தலைக்காயத்தால் இறந்ததும், கவச விதியை நெடுங்காலம் எதிர்த்து வந்த வீரர்களிடையே அவ்விதி நிலைபெறச் செய்தன.

எனினும் அந்தக் கவசம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதன் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் மோதலின்போது நசுங்கி, தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் இமைப்பொழுதைச் சற்றே நீட்டிக் கொடுக்கிறது. அதன் உபகாரம் அவ்வளவே. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய தர நிர்ணயங்கள் அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பரிசோதிக்கின்றன. அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்து மோதல். வேகம் மும்மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் பால பாடம். தானாகச் சறுக்கி விழுபவருக்குக் காப்பாக இருக்கும் ஒரு சாதனத்தை, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு எதிரான காப்பாகவும் கருதிச் சட்டம் இயற்றியது விக்டோரியா செய்த முதற் பிழை.

இரண்டாம் வினாவுக்கு மெல்போர்ன் நகரமே பரிசோதனைக் களமாயிற்று. விக்டோரியாவில் சட்டத்துக்கு முன் 100-க்கு 31 பேராக இருந்த கவசதாரிகள், ஓராண்டுக்குள் 75 பேராயினர், தலைக்காயங்களும் குறைந்தன. சட்டத்தின் ஆதரவாளர்கள் இதையே பிரத்தியட்சப் பிரமாணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதே காலத்தில்தான் வேகத்தைப் படம் பிடிக்கும் காமிராக்களும், மது அருந்தி ஓட்டுவோரைப் பிடிக்கும் தீவிரச் சோதனைகளும் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தன. 1989-இல் 776 ஆக இருந்த சாலை மரணங்கள் 1991-இல் 503 ஆகத் தாழ்ந்தன. நடந்து சென்றவரும் காரில் சென்றவரும் கவசம் தரித்தா பிழைத்தார்கள்? வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. சட்டத்துக்குப் பின் தெருக்களில் நின்று எண்ணியவர்கள், சைக்கிள்காரர்களின் தொகையே, விசேஷமாகப் பதின்பருவத்தினரின் தொகை, வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டார்கள். பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற பிள்ளை தாயின் காரில் செல்லத் தொடங்கினால், அப்பிள்ளையின் தலைக்காயம் கணக்கில் குறைவது மெய்யே. அதோடு தேகப்பயிற்சியும் போய், தெருவில் மேலும் ஒரு கார் சேர்ந்துவிடுகிறது.

இருபதாண்டுகள் கழித்தும் அந்த நிர்ப்பந்தம் தன் பலனைக் காட்டிக்கொண்டே இருந்தது. 2010-இல் மெல்போர்ன் நகரம் பொது வாடகைச் சைக்கிள் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, நினைத்தவுடன் ஏறிச் சென்று நினைத்த இடத்தில் விட்டுவிடுவதே உயிர்நாடியான அந்த ஏற்பாட்டுக்கு, கையில் கவசம் இல்லாமல் ஏறினால் அபராதம் என்ற விதி பெருந்தடையாக நின்றது. கடைகளில் குறைந்த விலைக்குக் கவசம் விற்றுப் பார்த்தார்கள். போதிய ஜனங்கள் வராமல் 2019-இல் திட்டம் மூடப்பட்டது. மெல்போர்னுக்கு ஓராண்டு முன்னதாகத் தொடங்கப்பெற்ற டப்ளின் நகரத்துத் திட்டமோ, அத்தகைய விதி இல்லாத ஊரில் அமோகமாக வளர்ந்தது.

சைக்கிள்காரர் பெருகினால் ஒவ்வொருவருக்கும் உள்ள அபாயம் குறைகிறது என்று 2003-இல் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் பல நகரங்களின் கணக்குகளிலிருந்து காட்டினார்: அவர் கணிப்பின்படி, ஓட்டுபவர் இருமடங்கானால் காயங்கள் மூன்றில் ஒரு பங்கே கூடும். பெருக்கம் காப்பை விளைவிக்கிறதா, காப்பான சாலை பெருக்கத்தை விளைவிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; நெதர்லாந்தின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்றே தோன்றுகிறது. 1971-இல் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர் குழந்தைகள். “குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்” என்று வீதிக்கு வந்த பெற்றோர்கள், தங்கள் மக்களுக்குக் கவசம் கேட்கவில்லை, தெருவைக் கேட்டார்கள். தனிப் பாதைகளும், வேகக் கட்டுப்பாடும், காரோட்டியின் மேல் பொறுப்பைச் சுமத்தும் சட்டமும் படிப்படியாக வந்தன. இன்று அங்கே சைக்கிள் ஓட்டுபவரில் மிகப் பெரும்பாலோர் வெறுந்தலையராகவே செல்கின்றனர். ஆயினும் மின்சார சைக்கிள் ஓட்டும் முதியோர் விழுந்து மாள்வது அங்கே கவலைக்குரிய விஷயமாகி, வைத்தியர்கள் கவசம் அணியுமாறு அவர்களை வேண்டுகிறார்கள். அந்த வேண்டுகோளை நான் மனமார வரவேற்கிறேன். என் தந்தையின் வயதினர் ஒருவர் கேட்டால் நானும் அதையே சொல்வேன்.

வேண்டுகோள் வேறு, அபராதம் வேறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016-இல் அந்த அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக ஒரே வீச்சில் உயர்த்தியது. பழைய சைக்கிளைத் தவிர வேறு வாகனமற்ற கூலித் தொழிலாளிக்கு அது சைக்கிளின் விலையைக் காட்டிலும் மிகுதியாயிருக்கும். அமெரிக்காவில், சியாட்டிலை உள்ளடக்கிய கிங் கவுன்ட்டியின் கவசச் சட்டத்தின்கீழ் சியாட்டிலில் வழங்கப்பட்ட அபராதச் சீட்டுகளில் ஏறத்தாழப் பாதி வீடற்ற ஏழைகளின் கையில் விழுந்தன என்றும், கறுப்பினத்தவர் தம் தொகைக்கு மிஞ்சித் தண்டிக்கப்பட்டனர் என்றும் தெரியவந்தபோது, 2022 பிப்ரவரியில் அங்குள்ள சுகாதார வாரியமே அச்சட்டத்தை ரத்து செய்தது. கவசத்தின் முதற் புகழ்பாடிய ஆய்வு பிறந்த ஊர் அது. ரத்து செய்தவர்கள் கவசத்தின் பெருமையை மறுக்கவில்லை. அணியுங்கள் என்று சொல்வதையும் நிறுத்தவில்லை.

விக்டோரியா சட்டசபை தன் சட்டத்தை முற்றிலும் களைந்துவிட வேண்டும் என்று நான் கோரவில்லை. அபாயத்தைத் தானே அளந்தறிய இயலாத குழந்தைகளுக்கு அது நீடிக்கட்டும். ஆஸ்திரேலியாவிலேயே வடக்குப் பிரதேசம் 1994 முதல், 17 வயது நிரம்பியவர் நடைபாதைகளிலும் தனிச் சைக்கிள் பாதைகளிலும் கவசமின்றிச் செல்ல அனுமதித்திருக்கிறது. அந்த விலக்கை மெல்போர்ன் இன்றே ஏற்கலாம். அபராதம் வசூலிப்பதற்காகச் சைக்கிள்காரரை நிறுத்தும் போலீசாரை, குடியிருப்புத் தெருக்களில் கார்களின் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டாதபடி காவல் செய்ய அனுப்பலாம்.