ஒத்திருப்பது குற்றமாகுமா?



இரு மாணவரின் விடைத்தாள்களில் சரியான விடைகள் ஒன்றுபோல் இருந்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என எந்த ஆசிரியரும் முடிவு கட்டமாட்டார். இருவரும் நன்கு படித்திருக்கலாம் அன்றோ? ஒரே தவறுகள் இருவரிடமும் வரிசையாகக் காணப்பட்டால்தான் ஐயம் எழும். இந்த எளிய உண்மை மறக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

2006ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், இரஷ்யாவிலுள்ள கல்மீக்கியாவின் தலைநகர் எலிஸ்தாவில் உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான போட்டி நடைபெற்றது. இரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் பல்கேரியாவின் வெசலின் தொபலோவும் மோதினர். முதல் இரண்டு ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். அடுத்த இரண்டும் சமனில் முடிந்தன. அப்போது தொபலோவின் மேலாளர் சில்வியோ தனைலோவ், ஆட்டத்தின் நடுவே கிராம்னிக் கழிவறைக்கு அடிக்கடி செல்கிறார், அங்குக் கண்காணிப்பும் இல்லை என முறையிட்டார். வீரர்களின் தனிக் கழிவறைகள் மூடப்பட்டன. கிராம்னிக் 5ஆம் ஆட்டத்தை ஆட மறுத்தார். அதன் புள்ளி எதிராளியைச் சேர்ந்தது.

6ஆம் ஆட்டத்திற்குப் பின் தனைலோவ் ஒரு பட்டியலை வெளியிட்டார். கிராம்னிக்கின் நகர்த்தல்களில் சராசரியாக நூற்றுக்கு 78, ‘ஃபிரிட்ஸ் 9’ என்னும் கணிப்பொறி நிரலின் பரிந்துரைகளோடு ஒத்துள்ளன என்பதே அதன் சாரம். எண்ணைக் கண்டதும் பலர் மயங்கினர். ஆயினும், எதிராளி நம் காயை வெட்டினால் நாம் திருப்பி வெட்டுகிறோம். அரசனுக்கு ஆபத்து நேர்ந்தால் காக்கிறோம். அங்கே வேறு வழி ஏது? அத்தகைய இடங்களில் தேர்ந்த வீரன் எவனும் இயந்திரத்தோடு ஒத்தே போவான். மேலும், சிந்திக்கும் நேரம் கூடக் கூட இயந்திரமே தன் தேர்வை மாற்றிக்கொள்ளும். எந்த நொடியில் அதை நிறுத்துகிறோமோ, அதற்கேற்ப ஒப்புமையும் கூடும், குறையும்.

2ஆம் ஆட்டம் வேறொன்றையும் சொல்கிறது. அதில் கிராம்னிக் தோல்வியின் விளிம்பிற்கே சென்றிருந்தார். 32ஆம் நகர்த்தலில் கோட்டையைக் கொண்டு வென்றிருக்கக்கூடிய வாய்ப்பைத் தொபலோவ் தவறவிட்டார். இயந்திரமோ அதனை உடனே காட்டும். இயந்திரத்தின் துணையுள்ளவர் அத்தகைய படுகுழியில் ஏன் இறங்குகிறார்?

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் சதுரங்க வீரருமான கென்னத் ரீகன், இவ்வழக்கினால் தூண்டப்பெற்று நெடுங்காலம் ஆய்வு செய்தார். ஒத்த நகர்த்தல்கள் எத்தனை என்பதை மட்டும் அவர் கேட்பதில்லை. இத்தகைய திறமுடையவர், இத்தகைய நிலைகளில், இயல்பாகவே எத்தனை முறை ஒத்துப்போவார் என்பதை முதலில் கணக்கிட்டு, அதன்பின் ஒப்பிடுகிறார். நீதியின் வழி அதுவே.

12 ஆட்டங்களின் முடிவில் இருவரும் 6 புள்ளிகள் பெற்றனர். அக்டோபர் 13 அன்று நடந்த விரைவு ஆட்டங்களில் கிராம்னிக் 2½-1½ என வென்றார். அவர் ஏமாற்றினார் என்பதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. எனினும் அவ்விருவரும் அதன்பின் களத்தில் கைகுலுக்க மறுத்தே வந்தனர். பட்டம் ஒருவருக்குக் கிடைத்தது; இழந்த நட்புறவு இருவருக்கும் கிடைக்கவில்லை.

நம் இல்லங்களிலும் பிள்ளை எதிர்பாராது நல்ல மதிப்பெண் பெற்றால், “எவரைப் பார்த்து எழுதினாய்?” எனக் கேட்கிறோம். கேட்குமுன் சற்றே நிதானிப்போம். ஐயம் ஒரு நொடியில் பிறக்கும். அதனால் நேர்ந்த புண் ஆற ஆண்டுகள் போதா.