எங்கட வளைவுகளுக்கு எந்த டர்போ?



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனப் பைத்தியம் இல்லாதவங்களும் வாசியுங்கோ. வண்டி ஒருத்தருடையது, பாதை எல்லாருடையதும்.

போன வாரம் என்னிடம் விஞ்ஞானம் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். வாசலில் பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஜீடி டர்போ. "82" என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "சேர், பெரிய டர்போ ஒண்டு போடப் போறேன். ஈவோவில கழட்டினது. 300 குதிரை வரும் எண்டு சொல்றாங்க."

"300 குதிரையைக் கட்ட முதல்ல லாயம் வேணுமே" என்று சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடியது. பிறகுதான் யோசித்தேன், சிரித்திருக்கக் கூடாது. 2020 மார்ச்சில் இருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்று கிடந்த நாடு இது. புதுசு வாங்க வழியில்லாத பிள்ளைகள் பழையதை நேசித்துத் திருத்தி ஓடினார்கள். அதில் நான் குறை காணவில்லை. "டர்போ போடாதே" என்று சொன்னால் கேட்கவும் மாட்டார்கள், நேரே யூடியூபிடம் போவார்கள். அதனால் எதைப் போடுவது என்று பேசுவோம்.

டர்போ என்பது ஒரே தண்டில் பூட்டிய இரண்டு காற்றாடி. புகைக் காற்று ஒன்றைச் சுழற்றும், மற்றது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும். கூடின காற்று, கூடின பெற்றோல், கூடின வலு. ஏறத்தாழக் கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு இறாத்தல் காற்றுக்குப் பத்துக் குதிரை. 180 குதிரை வேண்டுமென்றால் 18 இறாத்தல், 300 வேண்டுமென்றால் 30.

இந்த ஸ்டார்லெட் எஞ்சின் 1331 சீசீ. கம்பனி கொடுத்தது 135 குதிரை, அதற்கென்று சீடி9 என்ற சின்ன டர்போ. ஈவோவின் எஞ்சின் 1997 சீசீ, அதன் டர்போ டீடி05 வகை. சின்ன எஞ்சினின் புகை அந்தப் பெரிய சில்லைத் தள்ளி எழுப்புவதற்குள் 4500, 5000 சுற்று வந்துவிடும். சுபாரு கம்பனி இரண்டு லீற்றர் இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸுக்கே கொஞ்ச வருடம் டீடி04 வகையைத்தான் போட்டது என்பதை அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

இனி எங்கட பாதைக்கு வருவோம். கரவனெல்லையில் இருந்து கேகாலைக்குப் போகும் வீதியில், ஊரைத் தாண்டி எத்தனை இடத்தில் உங்களால் 5000 சுற்று வரை மிதிக்க முடியும்? ஒரு வளைவு முடிய மற்ற வளைவு. எஞ்சின் கிடப்பதெல்லாம் 2500க்கும் 4000க்கும் இடையில். அங்கே பெரிய டர்போ தூங்கும். கால் வைத்தால் ஒன்றும் வராது, இன்னும் மிதிப்பீர்கள், பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும். அது வரும் நேரம் நீங்கள் வளைவின் நடுவில். மழை பெய்த ரோடு, முன்சில்லு இழுக்கும் கார். முன்சில்லு பிடி விட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். நேரே இருப்பது கொழுந்து லொறியாக இருக்கலாம், நடைபாதை இல்லாத ஓரத்தில் குடை பிடித்துப் போகும் என் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஏழு பேர் மௌத்தானார்கள், அதில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை. அது மூடிய பந்தயப் பாதை. எங்கட வளைவில் கொடி பிடிக்க ஆள் கிடையாது.

"சேர், ஏப்ரல்ல நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றத்துக்கும் போக ஆசை" என்றார். நல்லது, போட்டி அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே வேறொரு கணக்கு உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. கீழே இரண்டு மடங்கு அமுக்கிக் கிடைக்கும் அழுத்தத்துக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை மடங்கு அமுக்க வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும். சூடான காற்றோடு 92 ஒக்டேன் பெற்றோல் சேர்ந்தால் நொக்கிங், பிறகு பிஸ்டன் போகும். டர்போவை ஏற்றினால் 95 அடிக்க வேண்டும், எஞ்சினையும் அந்த 95க்கே டியூன் செய்ய வேண்டும். பொக்கட்டில் காசு இல்லாத கிழமை 92 அடிக்கலாம் என்று நினைப்பவர் இந்த விளையாட்டுக்கு வரவே கூடாது.

என் யோசனை இதுதான். முதலில் டயரும் பிரேக்கும். இதில் ஒரு வீரமும் இல்லை, யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள். அதன் பிறகு இன்டர்கூலர், பெற்றோல் பம்ப், நல்ல டியூனிங். இருக்கும் சீடி9 சுகமாக இருந்தால் அதுவே போதும் என்பது என் கருத்து. மாற்றியே ஆக வேண்டுமென்றால் டீடி04 வகையில் சின்னதாக ஒன்று, 180 குதிரைக்குள். பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கினால் தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக்குக் கொஞ்சம் ஆடலாம், முன்பின்னாக உணரும்படி ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். சில்லு உறையில் உரசிய அடையாளம் இருந்தாலும் அப்படியே. காப்புறுதிக்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு தனித் தலையிடி.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. மகன் கேட்கிறான் என்று டர்போவுக்குக் காசு கொடுப்பவர்கள், நாலு டயரின் வயதையும் ஒருக்கால் கேளுங்கள்.

தம்பி அன்று ஒன்றும் பேசாமல்தான் போனார். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: "சேர், 14 இஞ்சி ரிம்முக்கு எந்த டயர் நல்லம்?"

வாற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். கொம்பிரசர் வரைபடம் இரண்டு போட்டோகொபி எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாரும் வருவதென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கோ, வீட்டில் கதிரை நாலுதான் இருக்கு.