முழம் போட்டு அளக்கும் குதிரைத்திறன்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் பூ வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். முழம் என்பது விற்பவரின் கையைப் பொறுத்தது. நீண்ட கைக்காரரிடம் வாங்கினால் நமக்கு லாபம்; குட்டைக் கைக்காரரிடம் வாங்கினால் அவருக்கு லாபம். பூ விஷயத்தில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால், மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரு மோட்டார் சைக்கிளில் கொட்டும்போதும் நம் ஊர் இளைஞர்கள் முழம் போட்டுத்தான் அளக்கிறார்கள். அதைப் பற்றியே இக்கட்டுரை.

என் அண்ணன் பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணத்தில் பாதி, அவர் கையின் கிரீஸ் கறையிலிருந்து வந்தது.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தம் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு வெளியூரிலிருந்து வரவழைத்த சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் கொண்டுவந்து மாட்டச் சொன்னார். ‘ஐந்து குதிரைத்திறன் கூடும்’ என்று அட்டையில் போட்டிருந்ததாம். அண்ணன் மாட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. “பிக்கப் போயிடுச்சு. நீ மாட்டினது சரியில்ல” என்று சொல்லி, கூலி தர மறுத்துவிட்டார். அன்றிரவு அண்ணன் என்னிடம், “சத்தம்தான்டா கூடியிருக்கு, இழுவை குறைஞ்சிருக்கு. எனக்குக் காதுலயே தெரியுது. நான் சொன்னா யார் நம்புவா? நீ பிசிக்ஸ் படிக்கிறியே, இதுக்கு ஒரு கணக்கு இல்லையா?” என்று கேட்டார்.

கணக்கு இருக்கிறது. நீராவி எஞ்சினை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் குதிரையோடு ஒப்பிட்டு வகுத்த அளவு அது: ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை. நம் கணக்கில் ஏறத்தாழ 746 வாட். பைக் விளம்பரங்களில் வரும் ‘பி.எஸ்.’ என்பது மெட்ரிக் குதிரைத்திறன்; அது 735.5 வாட்தான். ஆக, பெயரிலேயே இரண்டு முழம்!

இதை அளக்கும் கருவிதான் டைனமோமீட்டர். பட்டறைகளில் ‘டைனோ’ என்பார்கள். சுழலும் தண்டைப் பிரேக்கால் இறுக்கி, அது இழுக்கும் விசையை அளக்கும் முறையை 1821-இல் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ப்ரோனி வகுத்தார். இன்று மோட்டார் சைக்கிளுக்கு வேறொரு வகையும் உண்டு. வண்டியைப் பட்டைகளால் கட்டி, பின்சக்கரத்தைக் கனமான இரும்பு உருளைமீது நிறுத்துகிறார்கள். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சக்கரம் உருளையைச் சுழற்றும். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் முன்பே தெரியும்; அதன் வேகம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கணிப்பொறி பதிவு செய்கிறது. இரண்டையும் பெருக்கினால் முறுக்குவிசை; அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் திறன். நம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே சமன்பாடுதான்.

நம் தமிழ்நாட்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2017 டிசம்பரில் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர்.310-க்குக் குறித்த திறன், நிமிடத்திற்கு 9,700 சுற்றில் 34 பி.எஸ். உச்ச முறுக்குவிசையோ 7,700 சுற்றில் 27.3 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் 7,700 சுற்றில் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 30 பி.எஸ்.தான். ஆகவே ‘34’ என்பது வரைபடத்தின் ஒரே ஒரு புள்ளி. அதே வண்டியின் 2020 மாதிரியில் மழைக்கும் நகருக்குமான முறைகளில் திறன் 25.8 பி.எஸ். ஆகக் குறைந்துவிடும். எஞ்சின் அதேதான்; மாறியது மின்னணுக் கட்டளை மட்டுமே. இரும்பை மாற்றினால் மட்டும் திறன் கூடிவிடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இன்னும் இரண்டு உண்மைகள். நிறுவனம் சொல்வது எஞ்சின் தண்டில் உள்ள திறன். சங்கிலியிலும் கியரிலும் டயரிலும் ஒரு பங்கு கழிந்து, மீதிதான் சக்கரத்திற்கு வரும். அடுத்தது நம் ஊர் வெயில். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். காற்றுக் குறைந்தால் திறனும் குறையும். எனவே வெப்பத்திற்கும் காற்றழுத்தத்திற்கும் திருத்தம் செய்யாத எண்ணை ஒப்பிடுவது வீண். காலையில் பழைய சைலன்சரையும் நண்பகலில் புதியதையும் சோதித்து, ‘குறைந்துவிட்டது’ என்று சொல்வதும் தவறுதான்.

வண்டிக்காரரும் ஒப்புக்கொள்ள, மூவரும் கோவையில் டைனோ வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போனோம். பழையதை மூன்று முறை, புதியதை மூன்று முறை ஓட்டினார்கள். தாளில் இரண்டு கோடுகள் விழுந்தன. 9,000 சுற்றுக்கு மேல் புதிய கோடு சிறிதளவு உயர்ந்தது. நடுவில் நன்றாகவே தாழ்ந்தது. காரணமும் தெரிந்தது. காற்று தாராளமாக நுழைந்தும் அதற்கேற்பப் பெட்ரோல் கூடவில்லை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய 14.7 பங்கு காற்று போதும். உச்சத் திறனுக்கு 13-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எரிபொருள் கட்டளையைத் திருத்தாமல் சைலன்சரை மட்டும் மாற்றியதன் பலன் இது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போகிறவர் 9,000 சுற்றை எங்கே தொடப் போகிறார்? அவருக்கு வேண்டியது நடுப்பகுதி, இழந்ததும் அதைத்தான்.

அந்த இளைஞர் கூலியைக் கொடுத்துவிட்டார். பழைய சைலன்சரையே மாட்டச் சொன்னார். அண்ணன் அந்தத் தாளை மடித்து ஸ்பேனர் பெட்டியில் வைத்திருக்கிறார். எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் உண்டாயிற்று. தாள் சொன்னதை அண்ணன் காது ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லிவிட்டது. பட்டம் இல்லாதவன் சொன்னால் அது பேச்சு. கருவி சொன்னால் அது சான்று. அப்படியானால் கருவி யாருக்கு அதிகம் தேவை? சொல் எடுபடாத உழைப்பாளிக்குத்தான்.

‘திறனைக் கூட்டச் சொல்லிக் கொடுத்தால் சாலையில் வேகம்தானே பெருகும்?’ என்று சில பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேகத்திற்கு இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். தில்லைநகர்ச் சாலை அன்று. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அளவைத் தெரிந்துகொள்வது ஆசையைத் தூண்டாது, தணிக்கும் என்பதே என் கருத்து. ஐந்து குதிரை வரும் என்று நம்பியவருக்கு அரைக் குதிரையும் வராது என்று காட்டினால், அவர் காசும் மிஞ்சும், தெருவின் அமைதியும் மிஞ்சும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். திறன் கூடும் என்று சொல்லி விற்பவரிடம் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடத்தைக் கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். நம் இயற்பியல் துறை, அடுத்த ஆண்டுச் செயல்திட்டமாக, சிறு எஞ்சினுக்கான கயிற்றுப் பிரேக் டைனமோமீட்டர் ஒன்றைச் செய்ய வேண்டும். இரண்டு சுருள்வில் தராசும் ஒரு கப்பியும் போதும். பொறியியல் கல்லூரிகளில் எஞ்சின் சோதனை மேடைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாளாவது அவற்றின் கதவு ஊர் மெக்கானிக்குகளுக்குத் திறக்கட்டும்.

நான் படித்துத் திரும்பும்போது வீட்டுக்கு ஒரு சான்றிதழ் வரும். அதோடு அண்ணன் பட்டறைக்கு ஒரு அளவுகோலும் போக வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டணத்தின் பாதியையாவது நான் திருப்பிக் கொடுத்தவன் ஆவேன்.